கூரைக்குக் கொடுக்காத பணம்

குடியாத்தத்தில் இருக்கும் எங்கள் தாத்தா வீட்டைப் பற்றிப் பேச்சு வந்தாலே எல்லாரும் கேட்பது ஒன்றைத்தான்: "மொத்தம் எவ்வளவு ஆச்சு?" மறைக்க ஒன்றுமில்லை. வீட்டை மறுபடி குடியிருக்கும்படி ஆக்க 6 லட்சத்துக்குச் சற்று மேல் ஆனது. அதற்கப்புறம் வருஷத்துக்கு 15,000 முதல் 20,000 வரை போகிறது. ஆனால் தொகையை மட்டும் கேட்டுக்கொண்டு போனால் விஷயம் பிடிபடாது. அந்த 6 லட்சத்தில் மரம் வாங்க ஆனது சிறு பங்குதான். மிச்சமெல்லாம் தண்ணீர் உள்ளே வந்ததால் ஆன செலவு, வந்த ஈரத்தை வெளியே போகவிடாமல் அடைத்ததால் ஆன செலவு, இதையெல்லாம் சரிசெய்யத் தெரிந்த ஆளைத் தேடிப் பிடித்த செலவு.

தாத்தா லுங்கி நெய்தவர். தெருவைப் பார்த்துத் திண்ணை, உள்ளே நுழைந்ததும் நடை, அதை ஒட்டித் தறிக்கூடம், நடுவில் சின்ன முற்றம், அப்புறம் பின்கட்டும் கிணறும். முன்பாதிக்குப் பனங்கை, அதாவது பனையில் எடுத்த சரிவுக் கைமரம் போட்டு, அதன்மேல் குறுக்கே மூங்கில் வரிச்சு கட்டி நாட்டு ஓடு மேய்ந்திருக்கிறது. பின்கட்டு பிற்பாடு சேர்த்தது. அதற்கு மங்களூர் ஓடு. முற்றத்தைச் சுற்றி ஆறு மரத்தூண்கள், அவற்றின்மேல் உத்திரம். சுவர் செங்கல்தான் என்றாலும் உள்ளே மண்சாந்து, மேலே சுண்ணாம்புப் பூச்சு. அந்தக் காலத்தில் வட ஆற்காட்டுச் சிற்றூர்களில் ஓரளவு வசதி வந்த வீடுகள் இப்படித்தான் இருந்தன.

வைகாசி முதல் தேதி எங்கள் ஊரில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. ஊரைவிட்டுப் போனவர்கள் எல்லாரும் அன்றைக்கு வந்துவிடுவார்கள். சிரசு முடிந்து விருந்தாளிகள் கிளம்பியதும் ஓடு திருப்ப ஆள் வரும். இது எங்கள் வீட்டில் வருஷம் தவறாமல் நடந்தது. ஓட்டை வரிசை வரிசையாக எடுத்து, இடுக்கில் சேர்ந்த சருகையும் மண்ணையும் பெருக்கித் தள்ளி, உடைந்ததை ஒதுக்கி, நல்லதைத் திரும்ப அடுக்குவார்கள். ஓடு வெளியே எடுத்திருக்கும் அந்த நேரத்தில்தான் வரிச்சும் கைமரமும் கண்ணில் படும். உளுத்த வரிச்சு ஒன்றிருந்தால் அங்கேயே மாற்றிவிடுவார்கள். ஆகவே ஓடு திருப்புவது கூரையைச் சுத்தம் செய்யும் வேலை மட்டுமில்லை, வீட்டுக்கு வருஷாந்திரப் பரிசோதனையும் அதுதான். ஆடியில் மழை பிடிப்பதற்குள் முடித்துவிட வேண்டும். எங்கள் பக்கம் ஐப்பசி கார்த்திகையில் மட்டும் மழை வருவதில்லை; ஆடி ஆவணி இரவுகளிலும் இடியோடு கொட்டும்.

பாட்டி காலமான பிறகு வீட்டைப் பூட்டி வைத்தோம். மாமா சென்னையில், நாங்கள் காட்பாடியில். ஓடு திருப்புகிறவர்களும் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அந்த நிலையில் 2021 நவம்பர் மழை வந்தது. மோர்தானா அணை நிரம்பிக் கவுண்டன்யா ஆறு ஊருக்குள் புரண்டது. பாலாறும் இரு கரையும் தொட்டு ஓடியது. அதே மழையில்தான் பக்கத்துப் பேரணாம்பட்டில் ஒரு வீடு இடிந்து, குழந்தைகள் உட்பட 9 பேர் இறந்தார்கள். பழைய வீட்டைப் பராமரிப்பது ஆசைக்குச் செய்வது என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தச் செய்திதான் நினைவுக்கு வரும். தண்ணீர் குடித்த மண்சுவர் சொல்லிக்கொண்டு விழாது.

எங்கள் வீடு விழவில்லை. மழை விட்டு உள்ளே போய்ப் பார்த்தபோது தறிக்கூடத்தின் மேற்குச் சுவர் மேலிருந்து கீழ்வரை கறுத்துக் கிடந்தது. குரங்குகள் ஓட்டைக் கலைத்திருந்தன. அவ்வளவுதான் ஆரம்பம். கலைந்த இடத்தில் இறங்கிய தண்ணீர் வரிச்சை நனைத்தது. வரிச்சு இற்றதும் மேலும் சில ஓடுகள் சரிந்தன. தண்ணீர் சுவரின் தலையில் படுக்கவைத்திருக்கும் கட்டைக்கு வந்தது. கைமரங்களின் நுனி எல்லாம் அந்தக் கட்டையின்மேல்தான் உட்கார்ந்திருக்கும். மரத்தில் எப்போதும் முதலில் கெடுவது வெட்டுவாய்தான், நுனி வழியாகத்தான் மரம் தண்ணீரை அதிகம் உறிஞ்சும். நுனிகள் மக்கின. ஈரச் சுவரில் கரையான் ஏறியது. பழைய ஓடு ஒன்று சில ரூபாய்தான். அதை அந்த நேரத்தில் மாற்ற ஆள் இல்லாததற்கு நாங்கள் கொடுத்த விலை லட்சக்கணக்கில்.

ஆசாரியைக் கண்டுபிடிக்கவே மாதக்கணக்கில் ஆனது. போனில் பேசிய பலர் புது நிலை, கதவு, அலமாரி என்றால் வருகிறோம் என்றார்கள். பழைய கூரை என்றதும் பின்வாங்கிவிட்டார்கள். கடைசியில் வந்தவர் எழுபதை நெருங்குகிறவர். உள்ளே வந்ததும் அளவு டேப்பை எடுக்கவில்லை. சுத்தியலின் பிடியால் ஒவ்வொரு தூணையும் அடியிலிருந்து மேலாகத் தட்டிக்கொண்டே போனார். நல்ல மரம் கணீரென்று பதில் சொன்னது. கெட்ட இடத்தில் சத்தம் பொத்தென்று அமுங்கியது. அமுங்கிய இடத்தில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து லேசாக அழுத்தினார். மூன்றாவது தூணின் அடியில் அது பிடிவரை உள்ளே போய்விட்டது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவர் அசரவில்லை. இரண்டடி மேலே தட்டிக் காட்டினார்.

"இன்னாம்மா பயப்படறே? அடிதான் போச்சு. மேல மரம் நல்லாத்தான் கீது. முழுசா மாத்தணும்னு எவனாவது சொன்னா நம்பாதே."

அந்த ஒரு வார்த்தை எங்களுக்கு எவ்வளவு மிச்சப்படுத்தியது என்று அப்புறம்தான் புரிந்தது. முன்பு வந்து பார்த்த ஒரு ஒப்பந்தக்காரர் ஆறு தூணையும் எடுத்துவிட்டுக் கான்கிரீட் தூண் நிறுத்தச் சொல்லியிருந்தார். ஆசாரி ஒரே ஒரு தூணுக்கு மட்டும் கை வைத்தார். இரண்டு பக்கமும் சவுக்குக் கட்டையை முட்டுக் கொடுத்து, லாரிக்குப் போடும் ஜாக்கியால் உத்திரத்தை ஒரு நூல் அளவு தூக்கினார். ஒரு நூல் என்பது ஒரு அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. அதற்குமேல் தூக்கினால் ஓடெல்லாம் கலகலத்துவிடும். மக்கிய அடியைச் சாய்வெட்டாக அறுத்தெடுத்து, பழைய தேக்குத் துண்டொன்றை அதே சாய்வில் செதுக்கிப் பொருத்தி, மர ஆணி அடித்து இறுக்கினார். ஒட்டிய இடத்தில் இடைவெளி தெரிகிறதா என்று பார்க்கக் காகிதத்தைச் செருகிப் பார்த்தார், நுழையவில்லை. துண்டுக்கும் அடிக்கல்லுக்கும் நடுவே ஈயத்தகடு ஒன்றை வைத்தார், கல்லின் ஈரம் மரத்துக்கு ஏறக்கூடாது என்று. கைமர நுனிகளுக்கும் இதே வைத்தியம்தான். கெட்ட நீளத்தை மட்டும் வெட்டி, பக்கத்தில் புதுத் துண்டை அணைத்துப் போல்ட் போட்டோம்.

கைமரத்துக்கு மரம் கிடைப்பது தனிக் கதை. பனை மற்ற மரம்போல நடுவில் வைரம் பாய்வதில்லை. ஓரத்தில்தான் கறுத்த நார் இறுகிக் கெட்டியாக இருக்கும், நடு வெறும் சோறு. வயதான பனையைப் பிளந்து ஓரத்தை மட்டும் எடுத்தால் அந்தக் கைமரம் தலைமுறைகள் தாங்கும். 2021 வேளாண் பட்ஜெட்டில், பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று அறிவித்தார்கள். நல்ல அறிவிப்பு, எங்கள் ஏரிக்கரைகளில் மிச்சமிருப்பதாவது நிற்கட்டும். ஆகவே பழைய பனங்கைதான் வழி. ஆம்பூர், வேலூர்ப் பக்கம் வீடு இடிக்கும் இடங்களில் கழற்றிய மரத்தை வாங்கி விற்கிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே போனால் மனசு கனக்கும். யாரோ வீட்டு முற்றத்துத் தூண்கள் வெயிலில் அடுக்கிக் கிடக்கும். ஆனால் மரம் புது மரத்தைவிட உசத்தி, முழுக்கக் காய்ந்தது, இனி முறுக்காது, வெடிக்காது. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். உள்ளே பழைய ஆணி ஒளிந்திருக்கும். சாமில்லில் ரம்பத்தின் பல் போனால் நமக்குத்தான் செலவு எழுதுவார்கள். காந்தம் கொண்டுபோய்த் தடவிப் பார்த்து வாங்குங்கள்.

பின்கட்டு மங்களூர் ஓட்டில் வேறு சங்கடம். சுவிட்சர்லாந்திலிருந்து வந்த பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ சபையார் 1865இல் மங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து பரவிய ஓடு இது. ஒன்றன் காடியில் இன்னொன்று கோத்து உட்காரும். பிற்பாடு எத்தனையோ கம்பெனிகள் செய்தன, ஒவ்வொன்றின் அச்சும் கொஞ்சம் கொஞ்சம் வேறு. ஓட்டின் அடிப்பக்கம் பெயர் பொறித்திருக்கும். அந்தப் பெயரைப் பார்த்து அதே அச்சில் வாங்கினால்தான் காடி சேரும். கடையில் புதிதாகக் கிடைப்பதை நடுவில் செருகினால் ஓரம் தூக்கிக்கொண்டு, அந்த இடமே ஒழுக ஆரம்பிக்கும். நாங்கள் ஒரு பக்கச் சரிவை முழுக்கப் புது ஓட்டுக்கு மாற்றி, எடுத்த பழைய ஓடுகளை இன்னொரு சரிவுக்கு உதிரியாக வைத்துக்கொண்டோம்.

செலவில் பாதியைத் தின்றது கூரைகூட இல்லை, சுவரின் கீழ்ப்பாகம். எண்பதுகளில் இடுப்பளவுக்குச் சிமெண்ட் பூசியிருந்தார்கள். அன்றைக்கு ஊரெல்லாம் செய்த வேலைதான், சுண்ணாம்பு உதிர்கிறது, சிமெண்ட் உறுதி என்று. தரையிலிருந்து சுவரில் ஏறும் ஈரம் சுண்ணாம்பு வழியாக வெளியேறிக் காய்ந்துவிடும். சிமெண்ட் அதை விடாது. ஈரத்துணியைப் பிளாஸ்டிக் பையில் போட்டு முடிந்த மாதிரி, ஈரம் உள்ளேயே புழுங்கி மேலே மேலே ஏறியது. ஏறின ஈரம் நிலைக்கால்களைப் பிடித்தது. மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை பூஞ்சணத்தால் ஒன்றும் செய்ய முடியாது. ஈரம் அளக்கும் சின்னக் கருவி ஒன்று வாங்கி நிலையில் குத்திப் பார்த்தேன், கீழே முப்பதைத் தாண்டியது, தோள் உயரத்தில் பதினான்கு. அப்புறம் யோசிக்க ஒன்றுமில்லை. சிமெண்ட்டை முழுக்கக் கொத்தியெடுத்தோம். ஒரு கோடை முழுக்கச் சுவரை அப்படியே திறந்து காயவிட்டோம். வேலூர் வெயிலைத் திட்டாத ஆளில்லை, அந்த வருஷம் நான் அதற்கு நன்றி சொன்னேன். பிறகு குழியில் நீற்றிய சுண்ணாம்பில், கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் சேர்த்துப் பூசினார்கள். இந்தப் பூச்சு தெரிந்த கொத்தனார் ஆரணிப் பக்கத்திலிருந்து வந்தார். பூச்சுக்கு ஆன பொருள் மலிவு, அவர் தங்கி வேலைசெய்த நாள்களுக்கான கூலிதான் பெரிது.

கரையானைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தறிக்கூடத்துக் குழித்தறியின் குழி தூணுக்கு வெகு பக்கத்தில் இருந்தது. நூல் அறாமல் இருக்க அந்த இடத்தில் எப்போதும் ஈரப்பதம் வேண்டும், குழி குளுமையாகத்தான் இருக்கும். ஆள் இறங்கி நெய்தவரை கரையான் அண்டவில்லை. பூட்டிய பிறகு குழியின் மண்ணிலிருந்து புற்றுக்கோடு தூணில் ஏறிவிட்டது. மண்ணிலிருந்து வரும் கரையான் வெளிச்சத்திலும் காற்றிலும் நடமாடாது, அதனால்தான் மண்குழாய் கட்டிக்கொண்டு போகிறது. குழாயைச் சுரண்டிவிட்டு நாலைந்து நாள் கழித்துப் பாருங்கள். திரும்பக் கட்டியிருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். சுவரோரமாக அடிக்கொரு துளை போட்டு மருந்து இறக்கினார்கள். கிணற்றுப் பக்கம் துளை போட நான் விடவில்லை. அந்தத் தண்ணீரை இன்னும் குடிக்கிறோம். அங்கே மண்ணைத் தோண்டி, மரத்துக்கும் தரைக்கும் தொடர்பில்லாமல் கல் வைத்து உயர்த்தினோம். உள்பக்க மரத்துக்குப் போராக்ஸும் போரிக் அமிலமும் வெந்நீரில் கரைத்து அடித்தோம். துளைபோடும் வண்டுக்கும் அது நல்ல மருந்து. மழை படும் இடத்தில் அடித்துப் பயனில்லை, கரைந்து போய்விடும். வெளிப்பக்கத்துக்கு முந்திரிக்கொட்டையின் தோட்டிலிருந்து எடுக்கும் எண்ணெய்தான். நாற்றம் சில வாரம் இருக்கும், மரம் கறுக்கும், ஆனால் பூச்சி கிட்டே வராது. பளபளப்பான எனாமல் பெயிண்டை மட்டும் பழைய மரத்துக்குப் பூசாதீர்கள்.

இந்த வேலை நடந்த அதே சமயத்தில், அமெரிக்காவில் இருக்கும் பெரியம்மா மகன் டென்னசி மலைப்பக்கம் ஒரு மரக்கட்டை வீடு வாங்கியிருந்தான். முழு மரங்களைப் படுக்கவைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அதுவே சுவராக நிற்கும் வீடு. "அக்கா, இங்கே வீடே மரம்" என்று பெருமையாகப் படம் அனுப்பினான். அடுத்த வருஷமே பழுது பார்க்கும் மதிப்பீட்டை அனுப்பினான். அந்தத் தொகைக்குக் குடியாத்தத்தில் புது வீடே கட்டலாம்.

அவனோடு பேசப் பேச எனக்கு வியப்பு. வெயில் அடிக்கும் தெற்கு, மேற்குப் பக்கச் சுவருக்கு மூன்றிலிருந்து ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை சாயப்பூச்சு போட வேண்டும். பழைய பூச்சை உரிக்க, மக்காச்சோளக் கதிரின் சக்கையை இடித்த தூளைக் காற்றழுத்தத்தில் பீய்ச்சுகிறார்கள், மணலைப் பீய்ச்சினால் மரம் சிராய்த்துவிடும் என்று. கட்டைக்கும் கட்டைக்கும் இடையே இழுத்தால் நீளும் பசைச்சாந்து அடைக்கிறார்கள். பச்சை மரம் காயக் காயச் சுருங்கி, முதல் சில வருஷங்களில் சுவர் முழுதுமே சில அங்குலம் கீழே இறங்குமாம். அதற்காகச் சன்னலுக்குமேல் இடைவெளி விடுகிறார்கள், உள்தூண்களின் அடியில் திருகி இறக்கும் ஜாக்கியே வைத்திருக்கிறார்கள். கட்டையில் மேல்நோக்கி வாய்பிளந்த வெடிப்பு இருந்தால் அடைத்தே ஆக வேண்டும், மழைத் தண்ணீர் அதில் தேங்கும். கீழ்நோக்கிய வெடிப்பைப் பற்றிக் கவலையில்லை.

அவன் வீட்டில் கெட்டது எது தெரியுமா? மண்ணுக்குப் பக்கத்தில் இருந்த முதல் கட்டை. கூரைத் தண்ணீரைத் தாங்கும் தகரக்கால்வாய் இலை அடைத்துப் பொங்கி, தரையில் விழுந்து தெறித்துத் தெறித்து அந்தக் கட்டை சோறாகிவிட்டது. அங்கேயும் கெட்ட முகத்தை மட்டும் பாதிக் கட்டையாகச் செதுக்கியெடுத்துப் புதுசு வைத்தார்கள். எங்கள் ஆசாரிக்கு வீடியோவைக் காட்டினேன். கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார். "கூரை நல்லாத்தான் போட்ருக்கான். தாவாரத்த இன்னும் ஒரு மொழம் வெளிய இழுத்திருந்தா இது வந்திருக்காது" என்றார். என் தம்பியின் ஊர் நிபுணரும் அதையேதான் எழுதிக் கொடுத்திருந்தார்: கூரை வெளியே நீள வேண்டும்.

மாமாவுக்கு இதெல்லாம் ஒப்பவில்லை. இடித்துக் கட்டுவோம் என்றார், அதில் நியாயம் இல்லாமலில்லை. சதுர அடிக்கு 2,300 ரூபாய் என்று வைத்தால் ஆயிரம் சதுர அடிக்கு 23 லட்சம். அதில் ஏறக்குறையக் கால்வாசிக்கே பழைய வீடு நிமிர்ந்துவிட்டது என்றேன். "வருஷாவருஷம் ஓட்டுக்கு ஆள் தேடுவியா?" என்று கேட்டார். நாங்கள் தர்க்கம் செய்த விஷயங்களிலேயே கனமான கேள்வி அதுதான். பணத்தைப் புரட்டிவிடலாம். தச்சருக்கு நாள் கூலி 1,200, கையாளுக்கு 800 கொடுத்தோம், அதற்குமேல் கேட்டாலும் கொடுத்திருப்போம். கொடுப்பதற்கு ஆள் வேண்டுமே. ஆசாரியின் பிள்ளைகள் இருவரும் ராணிப்பேட்டைக் கம்பெனிகளில் வேலைக்குப் போகிறார்கள். போகட்டும், மாதச் சம்பளமும் பி.எஃப்பும் கூரைமேல் கிடைக்காது. அதனால் நாங்கள் ஒன்று செய்தோம். ஓடு திருப்பும் வேலைக்குத் தெருவிலிருந்தே இரண்டு இளைஞர்களைச் சேர்த்துவிட்டு, பழகும் நாள்களுக்கும் முழுக் கூலி கொடுத்தோம். எங்கள் வீட்டோடு சேர்த்துத் தெருவில் இன்னும் நாலு ஓட்டு வீடு அவர்கள் கையில் இருக்கிறது. ஒரே வீட்டுக்காக யாரும் தொழில் கற்றுக்கொள்ள மாட்டார்கள். தெருவுக்கே சேர்த்துப் பேசினால் வருவார்கள். மாமா இப்போது வேண்டாம் என்று சொல்வதில்லை, போன சிரசுக்கு வந்து திண்ணையில் படுத்துத் தூங்கினார்.

ஏலகிரி, ஜவ்வாது மலைப்பக்கம் இடம் வாங்கி மரவீடு கட்டும் ஆசையில் சிலர் என்னிடம் விவரம் கேட்கிறார்கள். பைன் மரத்தை இறக்குமதி செய்து கட்டித் தருகிறோம் என்கிறவர்களிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: மரத்துக்கு அழுத்தத்தில் மருந்து ஏற்றியிருக்கிறார்களா, தரையிலிருந்து எத்தனை அடி உயர்த்துகிறார்கள், தாவாரம் எவ்வளவு நீளம். பைன் நம் ஊர்க் கரையானுக்கு நல்ல தீனி. கட்டுகிற செலவை மட்டும் போட்டுக் கொடுத்துவிட்டு, நாலாம் வருஷத்துப் பூச்சுச் செலவைச் சொல்லாதவரிடம் வாங்காதீர்கள்.

பழைய வீடு ஏற்கெனவே கையில் இருப்பவர்களுக்கு நான் சொல்லும் வரிசை இது. முதல் பணம் கூரைக்கு. அது ஒழுகாமல் நின்றபிறகு முற்றத்துத் தண்ணீர் வெளியேறும் தூம்பு, சுவரோர மண். அதற்கப்புறம்தான் தூண், நிலை. தரை, வண்ணம், விளக்கு எல்லாம் கடைசி. கூரை ஒழுகும்போது தரைக்கு டைல்ஸ் ஒட்டுகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன், பதறுகிறது. எங்கள் வீட்டில் இன்னும் பாக்கி இருப்பது கிணற்றடித் தாழ்வாரம். அதன் கைமரங்களில் இரண்டு தட்டினால் சத்தம் சரியில்லை. அதற்கான பனங்கை வாங்கிப் போட்டாயிற்று, ஆசாரிக்கு முன்பணமும் கொடுத்தாயிற்று, தை பிறந்ததும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.